போன் பஸ்ஸைக் காட்டுகிறது, ஆள் ஏறுகிறாரா?

காலை எட்டரை மணிக்குக் கரையான்சாவடி நிறுத்தத்தில் நிற்பவர்களில் பாதிப் பேர் பூந்தமல்லிப் பக்கம் சாலையைப் பார்த்தபடி இருப்பார்கள். மீதிப் பேர் கையிலிருக்கும் போனைப் பார்த்தபடி இருப்பார்கள். இரு தரப்பும் தேடுவது ஒன்றைத்தான்: 54 எங்கே வருகிறது? அவர்களுக்கு முன்னால் ட்ரங்க் ரோட்டில் போரூர் நோக்கி இருசக்கர வாகனங்கள் இடைவெளி விடாமல் போய்க்கொண்டிருக்கும்.

இந்தக் காட்சியைத் தினமும் பார்ப்பவருக்கு ஒரு கேள்வி வந்தே தீரும். பஸ் எங்கே இருக்கிறது, எத்தனை நிமிடத்தில் வரும், இறங்கி எந்த ரயிலில் ஏறலாம், டிக்கெட் எவ்வளவு என்று எல்லாவற்றையும் போனே சொல்லிவிட்டால், அந்த வண்டிக்காரர்களில் எத்தனை பேர் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு வருவார்கள்? நிறையப் பேர் வருவார்கள் என்று முதலில் தோன்றும். ஏற்கெனவே பஸ்ஸில் போகிறவர்கள்தானே அந்தச் செயலியை வைத்துக்கொள்வார்கள் என்பது அடுத்து எழும் சந்தேகம். அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் சுவையான இடத்துக்குப் போய்ச் சேரலாம்.

ஒரே கியூஆருக்குள் வந்தவை

சென்னையில் 2025 செப்டம்பர் 22 அன்று ‘சென்னை ஒன்’ செயலியை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட். அதே செயலியில் ஆட்டோவும் டாக்சியும் பதிவு செய்யலாம். உருவாக்கியது ‘கும்டா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். அதற்கான சட்டம் வந்தது 2010-இல். குழுமத்தின் முதல் கூட்டம் நடந்ததோ 2022 நவம்பரில். பஸ், ரயில், மெட்ரோ மூன்றையும் ஒரு மேசைக்குக் கொண்டுவரவே பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. திரையில் எளிதாகத் தெரியும் அந்த ஒற்றைக் கட்டத்துக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது.

அதற்கு முன்பு எல்லாம் தனித்தனி. புறநகர் ரயிலுக்கு 2015-இலேயே யுடிஎஸ் செயலி சென்னைக்கு வந்துவிட்டது. மெட்ரோவுக்கு அதன் சொந்தச் செயலி. பஸ் எங்கே வருகிறது என்று காட்ட 2022-இல் ‘சென்னை பஸ்’ வந்தது. ஒரே பயணத்துக்கு மூன்று செயலிகளைத் திறந்து மூடியவர்கள் இந்த ஊரில் ஏராளம். இப்படிப் பல வாகனங்களின் தேடல், நேரம், கட்டணம் மூன்றையும் ஒரே இடத்தில் தருவதை ஒருங்கிணைந்த பயணச் செயலி என்கிறோம். இனி வெறும் ‘செயலி’ என்றே சொல்கிறேன்.

ஹெல்சிங்கியின் 63 சதவீதம்

இத்தகைய செயலிகளில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது பின்லாந்தின் ‘விம்’. 2016-இல் ஹெல்சிங்கியில் தொடங்கியது. மாதம் ஒரு தொகை கட்டினால் பஸ், டிராம், மெட்ரோ எல்லாம் உண்டு. கூடுதலாகக் கட்டினால் டாக்சியும் வாடகைக் காரும் சேரும். 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதன் பயனர்களின் பயணங்களை எண்ணிப் பார்த்தது. அவர்களது பயணங்களில் 63 சதவீதம் பொதுப் போக்குவரத்தில் நடந்திருந்தது. ஹெல்சிங்கி பெருநகரத்தின் பொதுமக்களுக்கு அந்தப் பங்கு 48 சதவீதம்.

பதினைந்து சதவீதப் புள்ளி வித்தியாசம். செயலியின் வெற்றி என்று இதை மேற்கோள் காட்டியவர்கள் பலர். ஆனால் அந்தப் பயனர்கள் யார்? பெரும்பாலும் டிராமும் மெட்ரோவும் வாசலிலேயே கிடைக்கும் நகர மையத்தில் வாழ்ந்தவர்கள். செயலி வராவிட்டாலும் அவர்கள் பொதுப் போக்குவரத்தை மற்றவர்களைவிட அதிகமாகத்தான் பயன்படுத்தியிருப்பார்கள். நூலக அட்டை வைத்திருப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகம் படிக்கிறார்கள் என்பது உண்மை. அட்டைதான் அவர்களைப் படிக்க வைத்தது என்று யாரும் சொல்லமாட்டோம்.

புள்ளியியலில் அடிக்கடி ஆளை ஏமாற்றும் பொறி இது. இதைத் ‘தாமே சேர்ந்தோர் மயக்கம்’ என்று அழைக்கலாம்: ஒரு பொருளைத் தாமாக எடுத்துக்கொண்டவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டு, வித்தியாசம் முழுவதையும் அந்தப் பொருளின் கணக்கில் எழுதிவிடுவது. விம்மை நடத்திய நிறுவனம் 2024 மார்ச்சில் திவாலானது. ஹெல்சிங்கியின் டிராம்கள் அதன் பிறகும் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

காத்திருக்கும் நிமிடத்தின் கனம்

அப்படியானால் செயலியால் எதுவும் ஆவதில்லையா? நிச்சயம் ஆகிறது. அது எங்கே வேலை செய்கிறது என்று பார்க்க, நேரத்தை மனிதர்கள் எப்படி அனுபவிக்கிறார்கள் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

போக்குவரத்துத் திட்டமிடுவோர் பல பத்தாண்டுகளாகக் கையாளும் ஒரு வழக்கம் உண்டு. ஓடும் பஸ்ஸில் அமர்ந்திருக்கும் ஒரு நிமிடத்தை ஒன்று என்று வைத்தால், நிறுத்தத்தில் காத்திருக்கும் ஒரு நிமிடம் ஏறக்குறைய இரண்டாகக் கனக்கிறது. வெயிலில் நடக்கும் நிமிடமும் அப்படியே. ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுவதற்கே தனியாகச் சில நிமிடங்களைத் தண்டனைபோல் சேர்ப்பார்கள். கடிகார நிமிடங்களை இப்படிக் கனத்தோடு கூட்டி வரும் தொகைக்கு ‘உணர்நேரம்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். வண்டியா பஸ்ஸா என்று மனம் தீர்மானிக்கும்போது பார்ப்பது இந்தத் தொகையைத்தான்.

காத்திருப்பு ஏன் இரட்டிப்பாகக் கனக்கிறது? முடிவு தெரியாததால். பஸ் பன்னிரண்டு நிமிடத்தில் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் கடைக்குப் போய் டீ குடிக்கலாம். வருமா வராதா என்று தெரியாத பன்னிரண்டு நிமிடத்தில் நகரவே முடியாது. அமெரிக்காவின் சியாட்டிலில் பஸ் வரும் நேரத்தைப் போனில் காட்டும் ‘ஒன்பஸ்அவே’ என்ற செயலியை வைத்து நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. வழக்கமாக எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது, செயலி பார்ப்பவர்கள் சராசரியாக 7.5 நிமிடம் என்றார்கள். அச்சிட்ட அட்டவணையை நம்பியவர்கள் 9.9 நிமிடம் என்றார்கள். ஆய்வாளர்கள் நிறுத்தங்களில் நின்று கடிகாரம் பிடித்தும் பார்த்தார்கள். செயலி பார்ப்பவர்கள் நிஜமாகவே கிட்டத்தட்ட 2 நிமிடம் குறைவாகக் காத்திருந்தார்கள், ஏனெனில் வீட்டை விட்டே தாமதமாகக் கிளம்பினார்கள். அட்டவணையை நம்பியவர்களோ நின்ற நேரத்தைக் கூட்டியே உணர்ந்தார்கள். செயலி பார்ப்பவர்களிடம் அந்த மிகை உணர்வு இல்லை.

ஆக, செயலி இரண்டு இடத்தில் கை வைக்கிறது: காத்திருக்கும் நிமிடங்களின் எண்ணிக்கையிலும், ஒவ்வொரு நிமிடத்தின் கனத்திலும்.

கரையான்சாவடியிலிருந்து வடபழனிக்கு ஒரு கணக்கு

இதை ஒரு பயணத்தில் வைத்துப் பார்ப்போம். எண்கள் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. இந்தச் சாலையில் போய்வருபவர்கள் தங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளலாம்.

கரையான்சாவடியிலிருந்து ஆவடி போகும் சாலையில், ஒரு குறுக்குத் தெருவில் வசிக்கும் இளம்பெண். வடபழனியில் ஓர் அலுவலகத்தில் கணக்கர். அவரிடம் ஸ்கூட்டர் இருக்கிறது. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; அதனால் பஸ்ஸுக்கு அவர் காசு கொடுக்க வேண்டியதில்லை. இருந்தும் ஸ்கூட்டரில்தான் போகிறார். ஏன் என்பதைக் கணக்கு சொல்லும்.

பஸ் வழி: நிறுத்தம் வரை பத்து நிமிட நடை, இரட்டிப்பாக்கினால் 20. காத்திருப்பு பன்னிரண்டு நிமிடம், அது 24. போரூர், வளசரவாக்கம் நெரிசலைத் தாண்டி பஸ்ஸில் 50 நிமிடம். இறங்கி ஐந்து நிமிட நடை, அது 10. உணர்நேரம் மொத்தம் 104.

ஸ்கூட்டர் வழி: ஓட்டவும் நிறுத்தவும் 45 நிமிடம். நெரிசலில் ஓட்டும் அலுப்புக்கு ஐந்து சேர்ப்போம். பெட்ரோலையும் தேய்மானத்தையும் நிமிடமாக மாற்றி ஓர் இருபத்தைந்து சேர்ப்போம். மொத்தம் 75. இருபத்தொன்பது நிமிடப் பள்ளம். இலவச டிக்கெட்டாலும் அவரை ஏன் பஸ்ஸில் ஏற்ற முடியவில்லை என்பது இதில் தெரிகிறது.

இப்போது அவர் கையில் செயலியைக் கொடுங்கள். பஸ் குமணன்சாவடிப் பக்கம் போய்விட்டதா, இன்னும் பூந்தமல்லியிலேயே நிற்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்த்துக் கிளம்புகிறார். காத்திருப்பு பன்னிரண்டிலிருந்து ஆறாகிறது. நிச்சயம் கூடியதால் ஒவ்வொரு நிமிடத்தின் கனமும் இரண்டிலிருந்து ஒன்றரையாகிறது. இருபத்து நான்கு இருந்த இடத்தில் ஒன்பது. மொத்தம் 89. நல்ல லாபம்தான்; ஆனாலும் 75 அல்ல. அவர் ஸ்கூட்டரிலேயே போகிறார்.

அதே சாலையில் நிறுத்தத்துக்கு இரண்டே நிமிட நடையில் வசிக்கும் இன்னொருவர் இருக்கிறார். அவருக்கும் ஸ்கூட்டர் உண்டு, அலுவலகமும் வடபழனிதான். செயலி இல்லாதபோது அவரது பஸ் கணக்கு 88, செயலி வந்தபின் 73. ஸ்கூட்டரின் 75-க்குக் கீழே இறங்கிவிட்டது. இவர் மாறுவார். வண்டியே இல்லாத மூன்றாமவர் அன்றும் பஸ், இன்றும் பஸ். அவருக்கு நிம்மதி கூடியிருக்கிறது, பயணிகளின் எண்ணிக்கை கூடவில்லை.

மூவரும் செயலி வைத்திருப்பவர்கள். மாறியது ஒருவர். இரண்டு வழிகளும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும் இடத்தில் நிற்பவரை விளிம்புப் பயணி எனலாம். செயலியால் இடம்பெயர்க்க முடிவது அவரை மட்டும். ஓர் ஊரில் அத்தகையோர் எத்தனை பேர் என்பதைச் செயலி தீர்மானிப்பதில்லை. நடைதூரமும் பஸ்களின் எண்ணிக்கையும் சாலையும் தீர்மானிக்கின்றன.

முதல் பெண்ணிடம் திரும்புவோம். செயலி இல்லை, ஆனால் பஸ்களை இரட்டிப்பாக்கினார்கள், போரூர் சந்திப்பில் பஸ் சிக்காமல் போக வழி செய்தார்கள் என்று வையுங்கள். காத்திருப்பு ஆறு நிமிடம், கனத்தோடு 12, பயணம் 40. மொத்தம் 82. இன்னும் மாறமாட்டார். அந்தச் சேவையோடு செயலியும் சேர்ந்தால் காத்திருப்பு மூன்று நிமிடம், கனத்தோடு நாலரை. மொத்தம் எழுபத்து நாலரை. மாறிவிடுவார். தனித்தனியாக எதனாலும் நகராத ஒருவர், இரண்டும் சேர்ந்தபோது நகர்கிறார். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள இடமிருந்தால் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரும் 26.1 கிலோமீட்டர் மெட்ரோ தடத்தில் கரையான்சாவடிக்கென்றே ஒரு நிலையம் உண்டு. பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே 2025 மார்ச்சில் ஓட்டுநரில்லா ரயிலை ஓட்டிச் சோதித்தார்கள். அந்தத் தடமும் வடபழனியைத் தொடுகிறது. பயண நேரத்தைப் பாதியாக்கக்கூடியது. ஆனால் மெட்ரோவில் பெண்களுக்கு இலவசம் இல்லை. டிக்கெட் பணத்தையும் நிமிடமாக மாற்றினால் இவருக்குக் கிடைக்கும் லாபத்தில் பெரும்பங்கு கரைந்துபோகும். ஏற்கெனவே டீலக்ஸ் பஸ்ஸுக்குக் காசு கொடுத்துப் போகும் ஆண்களின் கணக்கு இதைவிட மெட்ரோவுக்குச் சாதகமாக இருக்கும். ஒரே நிறுத்தத்தில் நிற்கும் இருவருக்கு ஒரே செயலி இரண்டு வேறு விடைகளைத் தரும்.

அளந்து பார்த்தவர்கள் கண்டது

இந்தக் கணக்கு சரியென்றால், நிஜ நகரங்களில் பயணிகள் சிறிதளவுதான் கூடியிருக்க வேண்டும். சிகாகோவில் பஸ் வரும் நேரம் காட்டும் வசதியை 2006 முதல் 2009 வரை தடம் தடமாகக் கொண்டுவந்தார்கள். நியூயார்க்கில் பகுதி பகுதியாகக் கொண்டுவந்தார்கள். ஆய்வாளர்களுக்கு இது பெரிய வரம்: வசதி வந்த தடங்களையும் வராத தடங்களையும் ஒரே காலத்தில் ஒப்பிடலாம். தாமே சேர்ந்தோர் மயக்கத்துக்கு இங்கே இடமில்லை, ஏனெனில் எந்தத் தடத்துக்கு முதலில் என்பதைப் பயணிகள் தேர்வு செய்யவில்லை. இரண்டு ஊர்களிலும் கிடைத்த விடை ஒன்றையொன்று ஒட்டியே இருந்தது: பயணிகள் ஏறக்குறைய 2 சதவீதம் கூடினார்கள். நியூயார்க்கில் அந்தக் கூடுதலும் பஸ்கள் நிறைய ஓடும் பெரிய தடங்களில்தான் தெளிவாகத் தெரிந்தது.

புளோரிடாவின் டாம்பாவில் 2013-இல் இன்னும் கறாராகச் சோதித்தார்கள். பஸ் பயணிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் செயலியைத் திறந்துவிட்டார்கள். சுமார் மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், இரு குழுவும் பஸ்ஸில் போன தடவைகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. செயலி பெற்றவர்களுக்குக் காத்திருப்பு குறைந்திருந்தது. பஸ் வருமா என்ற பதற்றமும் தணிந்திருந்தது.

இதைத் தோல்வி என்று படிப்பவர்களோடு நான் உடன்படவில்லை. இருட்டிய நிறுத்தத்தில் தனியாக நிற்கும் ஒரு பெண்ணுக்குப் பதற்றம் குறைவது பயணிகள் எண்ணிக்கையில் பதிவாகாது. அதற்காக அது சிறிய விஷயம் ஆகிவிடாது. மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 3,000-க்கும் மேற்பட்ட பஸ்களில் தினமும் 30 லட்சத்துக்கும் மேலானோர் ஏறும் ஊரில், ஆளுக்கு இரண்டு நிமிடக் காத்திருப்பைக் குறைத்தாலே ஒரு நாளில் ஒரு லட்சம் மணி நேரம் மக்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

சென்னையில் அளப்பது ஏன் கடினம்

சென்னை ஒன் ஊர் முழுக்க ஒரே நாளில் வந்தது. வந்த தடம், வராத தடம் என்று ஒப்பிட வழியில்லை. 2025 நவம்பரில் ஒரு ரூபாய்க்கு ஒரு பயணம் என்று அறிமுகச் சலுகையும் தந்தார்கள். அப்போது செயலியை இறக்கிக்கொண்டவர்களின் எண்ணிக்கை ஒரு ரூபாய் டிக்கெட்டின் ஈர்ப்பையும் சேர்த்தே காட்டும். கரையான்சாவடியில் மெட்ரோவின் விளைவும் அதே எண்களில் கலந்துவிடும். நியாயமாக ஒப்பிட வேண்டுமானால், புது மெட்ரோ வராத ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத்து பஸ் தடங்களை அருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

செயலியின் எண்ணிக்கையில் வராதவர்களும் இருக்கிறார்கள். கட்டணமில்லாப் பயணம் செய்யும் பெண்ணுக்கு கியூஆர் வாங்க வேண்டிய தேவை இல்லை. கண்டக்டர் கிழித்துத் தரும் சீட்டோடு அவர் பயணம் முடிகிறது. பாஸ் வைத்திருக்கும் பள்ளி மாணவர், பட்டன் போன் வைத்திருக்கும் முதியவர், பூந்தமல்லி காய்கறிக் கடைக்குக் கூடையோடு போகும் அம்மா, இவர்களும் அப்படியே. செயலி வழியே விற்ற டிக்கெட்டை மட்டும் பார்த்துத் தடங்களைக் கூட்டிக் குறைத்தால், பஸ்ஸை நம்பியே வாழ்பவர்கள்தான் முதலில் கணக்கிலிருந்து விழுவார்கள். இது நடந்துவிடக் கூடாது என்பதில் எனக்குப் பெரிய கவலை உண்டு.

ஷேர் ஆட்டோவும் அந்தத் திரைக்கு வெளியேதான் ஓடுகிறது. அட்டவணை இல்லை, கியூஆர் இல்லை. கை காட்டினால் நிற்கும். பஸ் வராத பத்து நிமிடத்தை இத்தனை ஆண்டுகளாக இந்தப் புறநகரில் நிரப்பிவருவது அதுதான். செயலியில் பதிவு செய்யும் தனி ஆட்டோ வேறு வகை. அது வீட்டிலிருந்து நிலையம் வரை கொண்டுவந்து விட்டால் ரயிலுக்கு ஆள் சேர்க்கிறது. அதே திரையில், பஸ்ஸுக்கு இன்னும் பதினெட்டு நிமிடம் என்று பார்த்து எரிச்சலடைந்தவரை நேராக அலுவலகத்துக்கே ஏற்றிக்கொண்டு போனால் பஸ்ஸுக்கான ஆளைக் குறைக்கிறது. இரண்டில் எது நடக்கும் என்பது அந்தப் பதினெட்டு என்ற எண்ணைப் பொறுத்தது.

மாறி ஏறும் இடத்தில்

செயலியின் பலம் முழுமையாக வெளிப்படக்கூடிய இடம் ஒன்று பாக்கி. வடபழனிக்கு ஒரே பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் கரையான்சாவடிக்காரர் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனால்? சென்னீர்குப்பம், பருத்திப்பட்டு வழியாக ஆவடிக்கு பஸ், ஆவடியில் புறநகர் ரயில், இறங்கியபின் மறுபடி பஸ்ஸோ ஆட்டோவோ. ஒவ்வொரு மாற்றத்திலும் காத்திருப்பு, அதன் இரட்டைக் கனம், தவறவிடுவோமோ என்ற பயம். மூன்று டிக்கெட்டை ஒரே கியூஆராக்கினால் கவுண்டர் வரிசை போகும், சில்லறைத் தகராறு போகும். 8.10 பஸ்ஸைப் பிடித்தால் எந்த ரயில் கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பயமும் குறையும். ஆனால் ரயில் கிளம்பி இரண்டு நிமிடம் கழித்து பஸ் ஆவடிக்குள் நுழைவதே வழக்கமானால், செயலி அந்தத் தவறலைத் துல்லியமாகக் காட்டும், அவ்வளவுதான். அட்டவணைகளைத் திரைக்கு வெளியே மனிதர்கள்தான் இணைக்க வேண்டும். கும்டா பிறந்ததே அந்த வேலைக்காகத்தான்.

அந்த வேலைக்கு உதவும் ஒரு பொருள் செயலியிடமே இருக்கிறது: தேடல் பதிவு. டிக்கெட் எண்ணிக்கை, ஏறியவர்களை மட்டும் சொல்லும். தேடல் பதிவோ, வழி தேடிப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்காமல் போனவர்களையும் சொல்லும். அவர்களில் சிலர் இலவசப் பயணிகளாகவோ பாஸ் வைத்திருப்பவர்களாகவோ இருக்கலாம். அதை நிறுத்தத்தில் ஆள் நிறுத்தி எண்ணிச் சரிபார்த்துக்கொள்ள முடியும். மீதிப் பேர், உணர்நேரத்தைப் பார்த்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தவர்கள். காலை எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே கரையான்சாவடியிலிருந்து ஆவடி ரயில் நிலையத்துக்கு வழி தேடிய எத்தனை பேர் அப்படிப் போனார்கள், அவர்களுக்குத் திரை எத்தனை நிமிடக் காத்திருப்பைக் காட்டியது என்பதைப் பெயர், எண் எதுவும் இல்லாமல் தொகுத்து, மாதம் ஒருமுறை தடவாரியாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கலாம். ஆவடி சாலையில் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூடுதலாக இரண்டு பஸ் விட்டுப் பார்த்து, அடுத்த மாதப் பதிவோடு ஒப்பிட்டால், விளிம்பில் நின்றவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும்.